சான்றெண் எங்கே உதைக்கிறது? ஆய்வேட்டு மேற்கோள் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

சமர்ப்பிக்க நாலு நாள் இருக்கும்போதுதான் பெரும்பாலும் ஆய்வேடு என் மேசைக்கு வரும். "இயல் எல்லாம் நெறியாளர் பார்த்துட்டார், சான்றெண்ணை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்பார்கள். சான்றெண் என்பது மேற்கோளுக்குப் பக்கத்தில் போடும் எண், எந்த நூல், எந்தப் பக்கம் என்பது அதன் விளக்கத்தில் இருக்கும். அந்த 'மட்டும்' நாலு நாளையும் தின்றுவிடும்.

தமிழ்த்துறை ஆய்வேடுகளைப் படித்துத் திருத்துவது என் பிழைப்பு. வருகிற கோளாறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அதனால் அவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். முதலிலிருந்து படிக்க உங்களுக்கு நேரமிருக்காது என்று தெரியும்.

போகும் முன் ஒரு கேள்வி. எந்தக் கோளாறோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த வரியை எழுதியபோது உங்கள் கையில் இருந்தது எது? அச்சுப் புத்தகமா, பிடிஎஃப் கோப்பா, வேறொருவர் கட்டுரையா, போன வருடம் நோட்டில் எடுத்த குறிப்பா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் நூலகத்துக்கு ஒரு நடை போக வேண்டியதுதான், வேறு வழி கிடையாது.

ஆசிரியர் பெயர் முன்னா நூற்பெயர் முன்னா, ஆண்டு எங்கே வரும், சான்றெண் விளக்கம் இயல் இறுதியிலா பக்க அடியிலா என்பதெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அந்த விதித்தாளை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த விதித்தாளாலும் தீராத கோளாறுகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அறிகுறி: தேர்வாளர் புத்தகத்தைத் திறந்தார், அந்தப் பக்கத்தில் அந்த வரி இல்லை

அடிக்கடி வருவதும் வாய்மொழித் தேர்வில் மானத்தை வாங்குவதும் இதுதான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம், பதிப்பு மாறியிருப்பது. நீங்கள் படித்தது மறுபதிப்பு. துணைநூற்பட்டியலில் போட்டது முதற்பதிப்பின் ஆண்டு, ஏனென்றால் பழைய ஆண்டு போட்டால் கனமாகத் தெரிகிறது. மறு அச்சில் எழுத்தளவு மாறினாலே பக்க எண் நகர்ந்துவிடும். தலைப்புப் பக்கத்தைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மறுபதிப்பு என்று வரிசையாக ஆண்டுகள் இருந்தால் கடைசியாக உள்ளதுதான் உங்கள் கையிலிருக்கும் புத்தகம். அதைப் போடுங்கள். முதற்பதிப்பு ஆண்டு உங்கள் வாதத்துக்குத் தேவை என்றால் "மு.ப. 1937" என்று கூடவே சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், பாடம் ஒரு பதிப்பிலிருந்தும் பெயர் இன்னொரு பதிப்பிலிருந்தும் வந்திருப்பது. குறுந்தொகை 40ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஆய்வேட்டில் இப்படி இருந்தது:

செம்புலப் பெயல் நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே

சான்றெண் விளக்கத்தில் உ.வே. சாமிநாதையர் பதிப்பு, 1937. ஐயர் பதிப்பைத் திறந்தால் சந்தி பிரிக்காமல் "செம்புலப் பெயனீர் போல", "தாங்கலந் தனவே" என்று இருக்கும். சொற்களைப் பிரித்துப் போட்டது மர்ரே எஸ். ராஜம் வெளியிட்டது போன்ற சந்தி பிரித்த பதிப்பாக இருக்கலாம், இணையத்தில் யாரோ பிரித்ததாகவும் இருக்கலாம். இரண்டும் அதே பாட்டுத்தானே என்று மாணவர் கேட்டார். பாட்டு ஒன்றுதான், அச்சான வரி வேறு. மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் ஒற்று மாறாமல் இருக்க வேண்டும். வாசகருக்காக நீங்களே பிரித்திருந்தால் முன்னுரையில் ஒரு வரி போதும்: "மேற்கோள் பாடல்கள் இன்ன பதிப்பைத் தழுவியவை, சந்தி ஆய்வாளரால் பிரிக்கப்பட்டது." இந்த ஒரு வரி எத்தனையோ கேள்விகளை வாசலிலேயே நிறுத்திவிடும்.

மூன்றாவது, மின்னுரை. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் இருந்து பாடலை ஒட்டிவிட்டு, பக்க எண் கேட்பார்களே என்று நூலகத்தில் எந்தப் பதிப்பு கிடைத்ததோ அதன் பக்கத்தைப் போடுவது. இதைச் செய்யாதவர் குறைவு. செய்யத் தேவையும் இல்லை. சங்கப் பாடல்களுக்குப் பாட்டெண்ணும் அடியெண்ணும் போதும்: குறுந். 40:4-5. எந்தப் பதிப்பை எடுத்தாலும் தேடுகிறவர் அந்த அடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். பட்டியலில் மின்னுரையை மின்னுரை என்றே எழுதுங்கள். அதன் முகப்பில் எந்த அச்சு நூலை வைத்துத் தட்டெழுதினார்கள் என்று குறித்திருந்தால் அதையும் சேர்க்கலாம். தட்டெழுத்துப் பிழை எல்லாத் தளங்களிலும் உண்டு, அதனால் ஆய்வேட்டில் பயன்படுத்தும் பாடல்களை மட்டுமாவது ஒருமுறை அச்சு நூலோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஐம்பது பாடல் என்றால் ஒரு பிற்பகல் வேலை.

அறிகுறி: வரி மனப்பாடம், எண்ணோ நூலோ தப்பு

மனப்பாடமாகத் தெரிந்த வரியை யாரும் சரிபார்ப்பதில்லை. பிழை அங்கேதான் இருக்கும்.

"மெய்ப்பொருள் காண்ப தறிவு" என்று முடியும் குறள் இரண்டு உண்டு. "எப்பொருள் எத்தன்மைத் தாயினும்" என்பது மெய்யுணர்தலில், 355. "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்பது அறிவுடைமையில், 423. முதலடியை ஒன்றிலிருந்தும் எண்ணை மற்றொன்றிலிருந்தும் எடுத்த ஆய்வேடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். குறளுக்கு ஒரு சின்ன சோதனை உண்டு. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு மிச்சத்தோடு ஒன்றைக் கூட்டினால் அதிகார எண் வரும். 423 என்றால் 42+1, அதாவது 43ஆம் அதிகாரம், அறிவுடைமை. எண் சுழியில் முடிந்தால் மட்டும் ஒன்றைக் கூட்ட வேண்டாம். நீங்கள் எழுதிய அதிகாரப் பெயரோடு இது ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று தவறு. அப்புறம், இந்த எண்ணெல்லாம் பரிமேலழகர் வைப்புமுறை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மாறும். மணக்குடவரை ஆய்கிறவர் இதைச் சொல்லாமல் எண் போட்டால் குழப்பம்தான்.

"கற்றோன்றி மண்தோன்றாக் காலத்தே" என்ற வரி இன்னொரு கண்ணி. சங்க இலக்கியம் என்று போட்டு வரும், சிலர் புறநானூறு என்றே எழுதியிருப்பார்கள். அது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, கரந்தைப் படலம். மேடையில் விட்டுவிடுகிற "வாளோடு" என்ற சொல்லும் அந்த வெண்பாவில் இருக்கிறது. தமிழ்க்குடியின் தொன்மைக்குச் சான்றாக இந்த வரியைக் காட்டியிருந்த ஒரு மாணவரிடம் முழு வெண்பாவையும் வாசித்துக் காட்டினேன். மறக்குடி ஒன்றின் நிலையைப் பாடும் பாட்டு என்று தெரிந்ததும் அந்தப் பத்தியையே மாற்றி எழுதினார். மேற்கோளின் ஊரைத் தேடிப் போனால் சில சமயம் வாதமே இடம் மாறும்.

தொல்காப்பியத்துக்கு ஒரு வரி. நூற்பா எண் உரையாசிரியருக்கு உரையாசிரியர் மாறும், ஒருவர் ஒன்றாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார். அதனால் "தொல். சொல். கிளவி." (தொல்காப்பியம், சொல்லதிகாரம், கிளவியாக்கம்) என்று எழுதி எண்ணைப் போட்டால் மட்டும் போதாது, உரை சேனாவரையமா இளம்பூரணமா என்பதும் வேண்டும்.

அறிகுறி: "மேலது" வேறு புத்தகத்தைக் காட்டுகிறது

"மேலது" என்றால் முந்தைய சான்றெண்ணில் சொன்ன அதே நூல். சான்றெண் 14 ஒரு நூல். 15, "மேலது, ப. 62". எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நெறியாளர் இடையில் ஒரு மேற்கோள் சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் கணினி தானாக எண்ணை மாற்றிக்கொண்டது: புதியது 15, பழைய 15 இப்போது 16. "மேலது" மட்டும் அப்படியே இருக்கிறது, ஆனால் மேலே இருப்பது இப்போது வேறு நூல். கணினி எண்ணை மாற்றும், "மேலது" என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

ஏற்கெனவே குழம்பியிருந்தால் பழைய பிரதியைத் தேடி எடுங்கள். மின்னஞ்சலில் நெறியாளருக்கு அனுப்பிய முதல் கோப்பு எங்காவது இருக்கும். அதில் ஒவ்வொரு "மேலது"வும் எதைக் காட்டியது என்று பார்த்து, அந்த இடத்தில் ஆசிரியர் பெயரும் சுருக்க நூற்பெயரும் எழுதுங்கள். "மு.கா.நூ." (முன் காட்டிய நூல்) என்று போட்டவற்றுக்கும் இதே கதிதான். அந்த ஆசிரியரின் இரண்டாவது நூல் பட்டியலுக்குள் வந்த அன்றே அது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

இனி எழுதப் போகிறவர்கள் வரைவில் "மேலது"வைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு இடத்திலும் பெயரும் சுருக்கத் தலைப்பும் இருக்கட்டும். துறை கேட்டால் கடைசி நாள் கடைசி வேலையாக மாற்றிக்கொள்ளலாம். சிகாகோ நடைக் கையேடே 2017இல் வந்த 17ஆம் பதிப்பில் இதற்கு இணையான சுருக்கத்தை விட்டுவிட்டுப் பெயரையும் சுருக்கத் தலைப்பையும் எழுதச் சொல்லிவிட்டது. நம் துறைகள் இன்னும் விடவில்லை.

அறிகுறி: ஆண்டு இல்லை, அல்லது நம்ப முடியாத ஆண்டு

பட்டியலில் 2030 என்று ஒரு வெளியீட்டு ஆண்டு. அச்சுப்பிழை என்று நினைத்தேன். தி.பி. 2030, அதாவது திருவள்ளுவர் ஆண்டு. 31 கழித்தால் 1999. மாணவர் "தி.பி."யை விட்டுவிட்டார். இப்படிப்பட்ட நூல்களுக்குப் பட்டியல் முழுவதும் கிறித்துவ ஆண்டையே போடுங்கள். நூலில் உள்ளதையும் காட்ட வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் வைக்கலாம்.

பழைய நூலில் "விஜய வருஷம் தை மாதம்" என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவதால் விஜய என்பது 1893-94, 1953-54, 2013-14 மூன்றுமாக இருக்கலாம். காகிதம், அச்சகம், அணிந்துரை எழுதியவர் காலம் ஆகியவற்றை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் மாதம். ஆண்டு சித்திரையில் பிறப்பதால் விஜய வருஷத்துத் தை என்பது 1893 அல்ல, 1894இன் தொடக்கம். இந்த ஓராண்டு வழுக்கலால் ஒரே நூலுக்கு இரண்டு முதற்பதிப்பு ஆண்டுகள் புழக்கத்துக்கு வந்துவிடும்.

ஆண்டு எங்கும் இல்லையென்றால் "ஆண்டு இல்லை" என்றே போடுங்கள். ஊகித்துப் போட்டால் உங்களை நம்பி இன்னொருவரும் போடுவார்.

அறிகுறி: துணைநூற்பட்டியலின் அகரவரிசை குலைந்து கிடக்கிறது

எனக்கு ரொம்பப் பிடித்த கோளாறு இது. ஏனென்றால் மாணவர்மேல் தப்பே இருக்காது. வேர்டில் வரிசைப்படுத்து என்று சொன்னதும் இப்படி வந்தது:

அன்பழகன்
அபிராமி
அப்பாதுரை
அரங்கசாமி
அறவாணன்
அழகப்பன்

நெடுங்கணக்குப்படி வர வேண்டியது:

அப்பாதுரை
அபிராமி
அரங்கசாமி
அழகப்பன்
அறவாணன்
அன்பழகன்

நடந்தது என்னவென்றால், யுனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. அதில் ன, ந-வுக்கு அடுத்து ப-வுக்கு முன்னால் நிற்கிறது. ற, ர-வை ஒட்டி நிற்கிறது. ழ, ள-வுக்குப் பின்னால் போய்விட்டது. புள்ளிக்கான எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிறகு வருவதால் 'ப்' என்பது 'பி'க்கும் பின்னால் தள்ளப்படுகிறது. நம் வரிசையிலோ மெய் முதலில் வரும். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் எல்லாம் இதைத்தான் செய்யும்.

வேர்டில் வரிசைப்படுத்தும் பெட்டிக்குள் விருப்பங்கள் என்ற பொத்தானை அழுத்தினால் வரிசைக்கான மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே தமிழைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டுங்கள். வந்ததை அப்படியே நம்பிவிட வேண்டாம். ழ, ற, ன, புள்ளி எழுத்து ஆகிய நான்கு இடங்களையும் கண்ணால் பாருங்கள். ஜ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்தில் தொடங்கும் பெயர்கள் கடைசியில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

அப்படியும் ஒரே ஒரு பெயர் மட்டும் இடம் மாறி நின்றால் அது தட்டெழுத்துச் சூழ்ச்சி. ஔவை சு. துரைசாமிப்பிள்ளையைப் பட்டியலில் தேடினேன். ஔ-வில் இல்லை. ஒ-வில் இருந்தார். தட்டெழுதியவர் ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்து அடித்திருக்கிறார். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கணினிக்கு அது 'ஒளவை', அதாவது ஒளியோடு சேர்ந்து நிற்க வேண்டிய சொல். சுட்டியை எழுத்துக்கு முன்னால் வைத்து அம்பு விசையை ஒரு தடவை தட்டுங்கள். ஒரே தாவலில் 'ஔ'வைக் கடந்தால் சரி, நடுவில் நின்றால் பிரித்து அடித்திருக்கிறார்கள்.

பட்டியல் முழுவதுமே தாறுமாறு என்றால் எழுத்துரு யுனிகோடே அல்ல. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், முகமூடி மட்டும் தமிழ். கணினி ஆங்கில வரிசையில் அடுக்கும். யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, மாற்றியதை வரி வரியாக மெய்ப்புப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறும் இடங்கள் நிச்சயம் இருக்கும்.

அறிகுறி: ஆசிரியர் பெயர் தலைகீழாக வருகிறது

ஜொட்டிரோ போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள்கள் குடும்பப்பெயர் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டவை. நமக்கு முன்னெழுத்தும் பெயரும்தான். "மு. வரதராசன்" என்று சரியாகப் பிரித்து உள்ளிட்டால் "வரதராசன், மு." என்று ஒழுங்காக வரும். நூலகப் பட்டியலில் "வரதராசன் மு." என்று இருந்ததை அப்படியே இறக்கியிருந்தால் மென்பொருள் "மு."வைக் குடும்பப்பெயர் என்று எண்ணி "மு., வரதராசன்" ஆக்கிவிடும். கணியன் பூங்குன்றனாரை ஏபிஏ என்ற மேற்கோள் நடையில் விட்டால் "பூங்குன்றனார், க." ஆகிறார். யாதும் ஊரே என்றவருக்கு ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சுகிறது!

பழம்புலவர், புனைபெயர், நிறுவனம், அடைமொழியோடு சேர்ந்த பெயர் எதுவாக இருந்தாலும் பெயர்க்கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றும் சின்னப் பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அழுத்தி முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதுங்கள். அப்புறம் மென்பொருள் அதைத் தொடாது.

ஒரே ஆள் இரண்டாக நிற்பதும் உண்டு. புதுமைப்பித்தன் ஓரிடத்தில், சொ. விருத்தாசலம் இன்னோரிடத்தில். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று மூவர். நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ள பெயரை எடுத்துக்கொண்டு, வேறு வடிவம் உள்ள நூல்களையும் அதன்கீழ் கொண்டு வந்துவிடுங்கள்.

தமிழ்ப் பட்டியலுக்குள் ஆங்கில இணைப்புச் சொல்லும் பக்கக் குறியும் முளைத்திருந்தால் மென்பொருளின் மொழி ஆங்கிலத்தில் நிற்கிறது என்று அர்த்தம். எல்லாம் முடிந்த பிறகு கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் இணைப்பைத் துண்டித்து, கையால் மாற்றுங்கள். துண்டிக்காமல் மாற்றினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழையபடி வந்து நிற்கும்.

அறிகுறி: மேற்கோளுக்குள் ஏற்கெனவே பிழை இருக்கிறது, அது உங்கள் பிழை அல்ல

ஒரு கட்டுரையில் இன்னொரு நூலின் வரியைப் பார்த்தீர்கள். கட்டுரையை விட்டுவிட்டு நேராக மூலநூலை அடிக்குறிப்பில் போட்டுவிட்டீர்கள். கட்டுரையாளர் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்பும் உங்களோடு வந்துவிடும். ஒரே பிழை நான்கு ஆய்வேடுகளில் அச்சு அசலாக இருப்பதைப் பார்த்தால், நால்வரில் யாரும் மூலநூலைத் திறக்கவில்லை என்பது தேர்வாளருக்கு உடனே புரியும்.

மூலத்தைத் தேடிப் பாருங்கள். தமிழ் இணைய நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து வெளியீடு என்றால் நூலகம் திட்டம், இவற்றில் ஏதாவது ஒன்றில் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைக்கவே இல்லையென்றால் வெட்கப்படாமல் எழுதுங்கள்: மூல ஆசிரியர், நூல், "எடுத்தாண்டவர்:" என்று கட்டுரையாளர் பெயர், அவர் பக்கம். பட்டியலில் கட்டுரை மட்டும்தான் வரும்.

அறிகுறி: ஒற்றுமை அறிக்கை 30, 40 சதவீதம் என்கிறது

உங்கள் எழுத்து மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் தரும் கணக்கு இது. பதறாமல் அறிக்கையைத் திறந்து எது நிறம் பூசியிருக்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, உரிய சான்றோடு தந்த மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை இவையெல்லாம் கணக்கில் வரக் கூடாது. பொதுவாகத் தெரிந்த செய்தியோ தற்செயலாக ஒத்த சொற்களோ அடுத்தடுத்து 14 சொற்கள் வரை இருந்தாலும் விலக்கு உண்டு. இவற்றை நீக்கிய பிறகு 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மேற்படாத கெடுவுக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய பிரதியை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து.

தமிழ் ஆய்வேடுகளில் எண் எகிறுவதற்குப் பெரும்பாலும் பாடல்கள்தான் காரணம். உள்தள்ளி அமைத்த பாட்டுக்கு மேற்கோள் குறி போடும் வழக்கம் இல்லை. குறி இல்லாததால் மென்பொருள் அதை மேற்கோள் என்று கண்டுகொள்ளாது. அறிக்கை எடுத்துத் தருகிற நூலகரிடம் மேற்கோள்களையும் பட்டியலையும் விலக்கி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் பாடல்களுக்கு இரட்டைக் குறி போட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் நிறம் பூசி நிற்பது உங்கள் உரைநடை என்றால், அது நிஜமான கோளாறு. நானே ஓர் எடுத்துக்காட்டு எழுதிக் காட்டுகிறேன். மூலத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "முல்லைப் பாடல்களில் மழை ஒரு பின்னணியாக நிற்பதில்லை, அது பிரிவின் கெடுவை அறிவிக்கும் கடிகாரமாகச் செயல்படுகிறது." மாணவர் எழுதுவது: முல்லைப் பாடல்களில் மழை வெறும் பின்புலம் அன்று, அது பிரிவின் கெடுவைக் காட்டும் கடிகாரமாக இயங்குகிறது. கடைசியில் சான்றெண்ணும் போட்டிருக்கிறார், அதனால் சரிதானே என்கிறார். நாலைந்து சொல்லுக்கு மாற்றுச் சொல் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். வாக்கியத்தின் எலும்பு, உவமை எல்லாம் அடுத்தவருடையவை.

சரியான வழி இரண்டு. ஒன்று, முழு வாக்கியத்தையும் குறிக்குள் போடுவது. இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் வேலைக்கு அது எதற்கு வேண்டும் என்று யோசித்து எழுதுவது: மழையைப் பிரிவின் "கடிகாரம்" என்கிறார் இன்னார். அந்தக் கடிகாரம் பிழையாக ஓடுவதும் உண்டு. குறுந்தொகை 66இல் பருவம் தப்பிய வம்ப மாரியைக் கார்காலம் என எண்ணிக் கொன்றை பூத்துவிட்டது என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். இப்போது அவருடையது ஒரு சொல், குறிக்குள் இருக்கிறது. மிச்சமெல்லாம் உங்களுடையது. எண்ணும் தானாக இறங்கும்.

ஆங்கில நூலைத் தமிழாக்கிச் சான்றில்லாமல் போட்டால் மென்பொருள் பிடிக்காமல் போகலாம். அந்த ஆங்கில நூலைப் படித்த புறத்தேர்வாளர் பிடிப்பார். தமிழில் யாரும் அப்படி எழுதாத ஒரு வாக்கிய அமைப்பு திடீரென்று பத்தி நடுவில் தலைகாட்டும்.

அறிகுறி: பட்டியலில் இருக்கும் கட்டுரையை எங்கும் காணவில்லை

இரண்டு மூன்று வருடமாகத்தான் இந்த வியாதி. செயற்கை நுண்ணறிவிடம் "இந்தத் தலைப்புக்கு மேற்கோள் தா" என்று கேட்டால் ஆசிரியர், தலைப்பு, இதழ், மலர், பக்கம் எல்லாம் வரும். கட்டுரை மட்டும் இருக்காது. தலைப்பு உங்கள் ஆய்வுத் தலைப்பை அப்படியே எதிரொலித்தால் சந்தேகப்படுங்கள். மலர் எண்ணையும் ஆண்டையும் பொருத்திப் பாருங்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' முதல் தொகுதி 1902-03 காலத்தது. ஆண்டுக்கு ஒன்று என்று எண்ணினால் தொகுதி 40 என்பது 1910இல் வந்திருக்க முடியாது. பொருந்தவில்லையென்றால் நீக்கிவிடுங்கள். பொருந்தினாலும் கட்டுரையைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் வைக்காதீர்கள்.

அறிகுறி: இணைப்பை அழுத்தினால் பக்கமே இல்லை

இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள ஆய்வேட்டுக்கு இயல் கோப்பின் நீளமான முகவரியைப் போடாமல், விவரப் பக்கத்தில் தந்திருக்கும் நிலையான முகவரியைப் போடுங்கள். மற்றத் தளங்களுக்குப் பார்த்த நாளைக் குறித்து, பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தில் சேமித்து வைத்துவிடுங்கள்.

அறிகுறி: களப்பணித் தகவலுக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை

தகவலாளியின் பெயர், வயது, ஊர், நேர்கண்ட நாள். பெயரை வெளியிடலாமா என்று முதலில் அவரிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் "தகவலாளி 7" என்று போட்டு, விவரத்தை உங்கள் களக்குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டுக்குப் பக்க எண்ணைவிடத் தொகுதியும் கல்வெட்டு எண்ணும் முக்கியம். கல்வெட்டு ஆண்டறிக்கையில் உள்ளது என்றால் எண்ணோடு அறிக்கை ஆண்டும் சேர்ந்தால்தான் தேட முடியும், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும்.

அறிகுறி: உள்ளே இருக்கும் நூல் பட்டியலில் இல்லை, பட்டியலில் இருக்கும் நூல் உள்ளே இல்லை

பட்டியலை அச்செடுங்கள். பென்சிலோடு முதல் சான்றெண்ணிலிருந்து கடைசி வரை போங்கள், நூல் வரும்போதெல்லாம் ஒரு கோடு. கோடே விழாத நூல்களை நீக்குங்கள். பட்டியல் சின்னதாகத் தெரியுமே என்று தயங்குவார்கள். இரண்டு முறை மட்டும் வந்த நூலைப் பற்றித் தேர்வாளர் கேட்டால் சமாளிக்கலாம், ஒருமுறைகூட வராத நூலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

அறிகுறி: "ப.", "பக்." கலந்து கிடக்கிறது

ஒரு பக்கம் என்றால் ப. 45. பல பக்கம் என்றால் பக். 45-47. இதைச் சரிசெய்யக் கடைசி நாள் இரவு "ப." எல்லாவற்றையும் "பக்." என்று ஒரே அழுத்தில் மாற்றும் எண்ணம் வரும். வரவே கூடாது. அப்படி மாற்றிக்கொண்டு வந்த ஒரு பட்டியலில் பொதுவுடைமைத் தலைவர் பெயர் "பக். ஜீவானந்தம்" என்று இருந்தது. "ப.ஆ." என்று இருந்த பதிப்பாசிரியர்கள் எல்லோரும் "பக்.ஆ." ஆகியிருந்தார்கள். நூற்றுப் பதினெட்டு இடம். விடிய விடிய உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினோம்.